யூபிக் ஆட்டத்தில் யாரும் நகர்வதில்லையே, ஏன்? (அலாஸ்கா கிராம ஆட்டங்கள்)

துருவன், 2025 பிப்ரவரி 6

மேற்கு அலாஸ்காவின் யூபிக் என்ற பூர்வகுடி மக்களின் கிராமங்களில் ஆடும் ஆட்டத்தின் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆண்கள் முன்வரிசையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஆடுகிறார்கள். பெண்கள் பின்னால் நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி நிமிர்த்துகிறார்கள். அதற்கும் பின்னால் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் வரிசையாக அமர்ந்து மெல்லிய வட்ட மேளத்தைத் தட்டுகிறார்கள். ஓர் அடிகூட எவரும் எடுத்து வைப்பதில்லை, ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. மிஷனரிகள் தடைசெய்த பிறகு மிஞ்சிய சுருங்கிய வடிவம் இது என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 6

சுருங்கிய வடிவம் இல்லை. யுராக் என்கிற இந்த ஆட்டத்தின் நிலையே அதுதான். கால் நகராததால் எல்லா வேலையும் முழங்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு, கண் இவற்றுக்குப் போகிறது. காணொளியில் மேளக்காரர்களை விட்டுவிட்டு ஒரே ஒரு பெண்ணின் முழங்காலை மட்டும் பாருங்கள். அடிக்கு ஒரு மடக்கு, அடி தவறாமல். பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்கும், குதிகால் எழாது. மேலே கைகள் பாட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, கீழே முழங்கால் தாளத்தை வைத்திருக்கிறது. பார்வை தாழ்ந்திருக்கும். புதிதாக ஆட வரும் பெண்பிள்ளைகள் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள், கைகள் உடனே அரை அடி பிந்திவிடும்.

ஆண்கள் இரண்டு முழங்காலும் தரையில் பதிய, குதிகால்மேல் உட்கார்ந்து, மேளம் வலுக்கும்போது உடம்பை எழுப்பி இறக்குவார்கள். அவர்கள் அசைவு வெடுக்கென்று இருக்கும், பெண்களுடையது வழுக்கிக்கொண்டு போகும். துடுப்புப் போடுவதை ஆண் காட்டுவதும் பெண் காட்டுவதும் ஒரே அசைவுதான், ஆனால் ஆண் அதை வெட்டி நிறுத்துவான், பெண் அடுத்ததற்குள் கரைத்துவிடுவாள்.

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 7

பாட்டு திரும்பத் திரும்ப வருவது பற்றி. ஒரு யுராக் பாட்டில் பல்லவி உண்டு, அதில் பெரும்பாலும் பொருளில்லாத ஒலிக்கூட்டுகள்தான். சரணங்களில்தான் சொல் வரும். முதலில் பாட்டுத் தலைவர் பல்லவியைத் தணிந்த குரலில் எடுப்பார், மேளம் தொட்டும் தொடாமலும் ஒலிக்கும். ஆடுகிறவர்கள் அதற்குள் எழுந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள், அவசரமே இருக்காது. மற்ற மேளக்காரர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டதும் அடி வலுக்கும். சரணம் வருமுன் ஒருவர் அடுத்த வரியை உரக்கச் சொல்லிக் கொடுப்பார். நடுவில் கேட்கும் அந்தக் கூவல் உற்சாகத்துக்கானதில்லை, அடுத்த அசைவு எது என்பதற்கான குறிப்பு. ஒரு பக்கம் காட்டிய அசைவை மறுபக்கமும் காட்டுவது வழக்கம், அதனால் ஒவ்வொரு சரணமும் கண்ணுக்கு இரட்டையாகத் தெரியும்.

பாட்டு முடிந்த இடத்தில் கூட்டத்திலிருந்து யாராவது "பம்யுவா!" என்று கத்தினால் வால் பகுதியை மறுபடி எடுக்க வேண்டும். இன்னொருவர் கத்தினால் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் வேகமும் கூடும், அசைவும் பெரிதாகும், ஆடுகிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பார். யாரைக் களைக்க வைக்கலாம் என்று உறவுமுறைக் கிண்டல்காரர்கள் காத்திருந்து கத்துவதும் உண்டு. நீங்கள் பார்த்த நாலைந்து சுற்று அப்படி வந்ததாகத்தான் இருக்கும். எத்தனை சுற்று என்பது மேடையில் முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கல்ல.

வடமுனை, பிப்ரவரி 7

மேலே உள்ளது யூகான்-குஸ்கோக்விம் ஆற்றுமுகத்துக்குப் பொருந்தும். வடக்கே இனுபியாக் என்ற இன்னொரு பூர்வகுடியின் ஊர்களான உட்கியாக்விக், வெய்ன்ரைட், பாயின்ட் ஹோப் பக்கம் போனால் பலதும் மாறும். அங்கே ஆண்கள் நின்று ஆடுவார்கள், காலால் தரையை அறைவார்கள். யூபிக் ஆட்டத்தில் இருப்பதுபோல் கையில் விசிறி கிடையாது, கையுறை உண்டு. கடையில் வாங்கிய சாதாரண வேலைக் கையுறையாகவும் இருக்கலாம். ஆனால் வெறுங்கையோடு ஆட வந்தவனிடம் யாராவது ஒரு ஜோடியை நீட்டிவிடுவார்கள்.

மேளம் தட்டும் விதமும் வேறு. யூபிக் மேளக்காரர் தோலின் மேல்பக்கம் தட்டுவார். இனுபியாக் மேளக்காரர் நீண்ட குச்சியால் அடிப்பக்கத்திலிருந்து தட்டுவார், குச்சி விளிம்பையும் தோலையும் சேர்த்து அடிக்கும். அதனால் அந்த ஓசையில் மரத்தின் 'டக்' கலந்திருக்கும். பாட்டை முதல்முறை மெல்லத் தட்டிப் பாடி, இரண்டாம் முறை எல்லா மேளமும் ஒன்றாக முழங்கும். அந்த மாற்றத்தில் கூடத்தின் தரை அதிரும்.

அசைவு வகுத்த பாட்டுகள், யாரும் வந்து ஆடும் பொதுப் பாட்டுகள் என்று அங்கே இரண்டு வகை. வகுத்த பாட்டில் ஓர் ஊரின் அல்லது ஒரு குடும்பத்தின் அசைவுகள் இருக்கும், பயிற்சியில்லாமல் போய் நிற்கக் கூடாது. பொதுப் பாட்டில் தயங்கி உட்கார்ந்திருந்தால்தான் தவறு.

துருவன், பிப்ரவரி 9

நன்றி. அப்படியானால் மிஷனரித் தடை பெரிய பாதிப்பு இல்லையா?

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 9

பெரிய பாதிப்புதான், ஊருக்கு ஊர் வேறுபட்டது. மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபை 1885இல் குஸ்கோக்விம் கரையில் உள்ள பெத்தெலில் மிஷன் தொடங்கியது. அவர்கள் ஆட்டத்தையும் முகமூடியையும் மேளத்தையும் பேய் வழிபாட்டோடு சேர்த்தே எண்ணினார்கள். குஸ்கோக்விம் ஆற்றின் பல ஊர்களில் ஆட்டம் தலைமுறைக் கணக்கில் நின்றுபோனது அதனால்தான். கத்தோலிக்க மிஷன் இருந்த கடற்கரை, யூகான் ஆற்று ஊர்கள் பலவற்றில் ஆட்டம் விட்டுப்போகவில்லை. அங்கேயும் முகமூடியும் சடங்கும் அடிபட்டன, ஆனால் மேளமும் பாட்டும் தப்பின. பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒன்றில் தொண்ணூறு வயதுக்காரரின் பாட்டு பேரனுக்கு நேராக வந்திருக்கும், இன்னொன்றில் பக்கத்து ஊரிலிருந்து ஆசிரியரை வரவழைத்துப் புதிதாகக் கற்றிருப்பார்கள்.

தடையோடு கொள்ளைநோயையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு சரியாக வராது. 1900இன் பெருநோய், 1918 இன்ஃபுளூயன்சா. பிரெவிக் மிஷன் ஊரில் 80 பெரியவர்களில் 72 பேர் ஒரு வாரத்துக்குள் போனார்கள். பாட்டு எழுதி வைக்கப்பட்டதில்லை, ஆட்களிடம்தான் இருந்தது. ஆள் போனால் பாட்டும் போயிற்று.

இன்னொன்று: பழைய குளிர்காலத்தில் ஆட்டம் தனி நிகழ்ச்சியாக நடந்ததே இல்லை. அந்த ஆண்டு பிடித்த சீல் என்ற கடல்நாய்களின் சிறுநீர்ப்பைகளை ஊதிக் காயவைத்து, ஆண்கள் மாளிகை எனப்படும் பொதுவீட்டில் தொங்கவிட்டு, கடைசி நாள் பனித்துளை வழியாகக் கடலுக்கே திருப்பி அனுப்பும் திருவிழா ஒன்று. இறந்தவர்களுக்கான விருந்து ஒன்று. தூதர்களை அனுப்பி அடுத்த ஊரை அழைத்துப் பரிசு மாற்றும் தூதர் விருந்து ஒன்று. முகமூடிகளை அந்தந்த ஆட்டத்துக்கென்று செய்து, முடிந்ததும் எரித்தோ வெளியே போட்டோ விடுவார்கள். இந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் மேடைக் காணொளியை மட்டும் வைத்து யுராக்கை எடை போடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 12

மேளம் எப்படிச் செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே.

ஆற்றுமுகத்தின் கரையோரத்தில் மரம் வளராது. யூகானும் குஸ்கோக்விமும் மேலிருந்து அடித்து வரும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கட்டைதான் மரம். நேர்ரேகை உள்ள, கணு இல்லாத கட்டை வேண்டும். 22 அங்குல விட்டமுள்ள மேளத்துக்குச் சுற்றளவு சுமார் 69 அங்குலம். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 5 அங்குலமாவது சேர்த்து ஆறேகால் அடிப் பட்டை எடுக்க வேண்டும். ஓரங்களை இழைத்து, முனை இரண்டையும் சரிவாகச் சீவி, வெந்நீரிலோ ஆவியிலோ ஊறவைத்து, மெல்ல வளைத்துக் கட்டி உலர விடுகிறார்கள். கணு இருந்தால் வளைக்கும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். ஒரே மூச்சில் வளைத்தாலும் வெளிப்பக்க நார் எழும்பும்.

வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். தோலை மேலே போட்டு அந்தப் பள்ளத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுவதில்தான் மேளத்தின் உயிர் இருக்கிறது. பள்ளம் ஆழமில்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் கயிறு வழுகிவிடும். கைப்பிடி தந்தம், எலும்பு அல்லது மரம். வளையத்தைக் கவ்வும்படி அதில் ஒரு வெட்டு இருக்கும்.

தோல் முன்பு வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கின் இரைப்பைச் சவ்வு. வடக்கே போஹெட் திமிங்கிலத்தின் ஈரலை மூடியிருக்கும் சவ்வு. இப்போது நைலான் துணி அல்லது விமான இறக்கைக்குப் போர்த்தும் துணி பரவலாகிவிட்டது.

துருவன், பிப்ரவரி 12

நைலானா! மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 13

எனக்கு அப்படி இல்லை, காரணம் சொல்கிறேன். இயற்கைச் சவ்வு ஈரத்துக்குத் தக்க மாறிக்கொண்டே இருக்கும். குளிரும் வறட்சியுமான வெளிக்காற்றிலிருந்து கொண்டுவந்த மேளம் விறைத்துப் போயிருக்கும், அப்படியே தட்டினால் கிழியும். அதனால் ஆட்டத்துக்கு முன்பும் இடையிலும் தண்ணீர் தொட்டுக் கையால் தடவுவார்கள். அதிகம் தடவினால் தொய்ந்து 'தொப் தொப்' என்று ஒலிக்கும். முந்நூறு பேர் அடைந்த கூடத்தில் மூச்சுக்காற்றின் ஈரமே போதும், ஒரு மணி நேரத்தில் சுருதி இறங்கிவிடும். நடு இரவு வரை நீளும் ஆட்டத்துக்கு, சின்ன விமானத்தில் மூட்டையோடு மூட்டையாக வரும் மேளத்துக்கு, நைலான் நம்பகமானது. விளிம்பில் துணியைக் கயிற்றுக்கடியில் கொஞ்சம் இழுத்துவிட்டால் சுருதி ஏறிவிடும்.

சட்டமும் ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி வால்ரஸை வேட்டையாடும் உரிமை கடற்கரை அலாஸ்கா பூர்வகுடியினருக்கு மட்டும். கைவேலை செய்யாத கச்சா உறுப்பை வெளியாருக்கு விற்கக் கூடாது. உள்நாட்டு ஆற்று ஊர்க்காரர்களுக்குச் சவ்வு கிடைப்பது கடற்கரை உறவைப் பொறுத்தது.

ஓசை வித்தியாசம் உண்மை. சவ்வு மேளத்தில் அடிக்குப் பிறகு ஒரு முனகல் தங்கும், நைலானில் அது குறைவு. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருக்கும் குழுக்கள் உண்டு, பாட்டுத் தலைவர் கையில் சவ்வு மேளம் இருக்கும்.

நூலிழை, பிப்ரவரி 15

விசிறியையும் உடையையும் யாரும் தொடவில்லையே.

பெண்களின் விசிறி கடற்கரைப் புல்லைப் பின்னிச் செய்த வட்டம், விளிம்பில் கரிபூ மானின் தொண்டை வெண்மயிர் நீளமாக நிற்கும். மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே அந்த மயிர் ஒரு கணம் பிந்தி அசையும். அசைவு வழுக்குவதுபோல் தெரிவதில் பாதி இந்த மயிரின் வேலை. புல்லைப் பின்னுமுன் ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மடிப்பில் முறியும். ஆண்களின் விசிறி வளைத்த மர வளையத்தில் பறவை இறகு செருகியது, வெண் ஆந்தை இறகு மிகவும் விரும்பப்படுவது. இறகின் தண்டு முறிந்தால் ஒட்டி ஆட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே பயணத்தில் விசிறிகளைத் துணியில் சுற்றி, கடினப் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுபோவார்கள். குழு வெளிநாடு போவதானால் இறகு, தந்தக் கைப்பிடி, சவ்வு மூன்றுக்கும் அனுமதிச் சீட்டுகளை முன்கூட்டியே வாங்க வேண்டும். எல்லையில் மாட்டினால் மேளமே பறிபோகும்.

உடை கஸ்பக். தொப்பி தைத்த தளர்ந்த பருத்தி மேலுடை, முன்னால் ஒரு பெரிய பை, பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே சுருக்கு வைத்த பாவாடைப் பகுதி, ஓரமெல்லாம் நெளிபட்டி. பெரிய பெண்ணுக்கு மூன்றிலிருந்து நான்கு கஜம் துணி பிடிக்கும். ஆடுவதற்குத் தைப்பதானால் அக்குளில் தாராளம் விட வேண்டும். சாதாரண அளவில் தைத்தால் கையை உயர்த்தும்போதெல்லாம் முழு உடையும் மேலே ஏறும், முழங்கால் மடக்கே மறைந்துபோகும். குழு முழுக்க ஒரே துணி வேண்டுமென்றால் முழுக் கட்டையும் ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டும், அடுத்த சரக்கில் அதே அச்சு வராது. தலையில் மணிகள் தொங்க, ஓநாய் அல்லது வால்வரின் மயிர் வைத்த வளையம் அணிவார்கள்.

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 18

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், துருவன் கேட்காதது. யுராக்கில் பார்க்கத் தவறவே கூடாதது பரிசு.

ஒரு பிள்ளை முதல்முறையாக ஊர் முன்னால் ஆடும்போது அந்தக் குடும்பம் கொடுத்தாக வேண்டும். பாட்டியும் அத்தையும் ஆண்டு முழுக்கச் சேர்த்திருப்பார்கள்: காலுறை, கையுறை, துண்டு, துணி, பிளாஸ்டிக் தொட்டி, பெட்ரோல் கேன், உலுவாக் கத்தி, புல்கூடை, தோல். ஆட்டம் முடிந்ததும் ஆண்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்து கூடத்தின் நடுவே குவிப்பார்கள். முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் முதலில் போகும். பெரிய சாமானை யாருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுப்பார்கள், மீதி வட்டமாகப் பகிரப்படும். பிள்ளை ஆடும்போது பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் சேர்ந்து ஆடுவதும் உண்டு.

இதில் பெயரும் சேர்கிறது. இறந்த ஒருவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைத்தால் அந்த உறவு குழந்தையோடு தொடர்கிறது. போனவரின் மகள் அந்தக் குழந்தையை அப்பா என்று அழைக்கலாம், அவருக்குப் பிடித்த உணவை அதற்கு ஊட்டலாம். ஆறு வயதுப் பையன் ஆட எழுந்து நிற்கும்போது கூட்டத்தில் ஒரு பெரியவள் அழுவதைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அவள் பார்ப்பது பையனை மட்டும் இல்லை.

ஆகவே ஆடுவது, கொடுப்பது, பெயரைச் சொல்வது மூன்றும் ஒரே செயல். பரிசுப் பகுதியை வெட்டிவிட்டு ஆட்டத்தை மட்டும் போடும் காணொளிகள் அந்த இரவில் பாதியைத்தான் தருகின்றன.

வடமுனை, பிப்ரவரி 18

வடக்கேயும் இதுதான். கிவ்கிக் என்ற தூதர் விருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோய், 1988 ஜனவரியில் பேரோவில் மறுபடி தொடங்கியது. இன்றைய உட்கியாக்விக்தான் அது. நார்த் ஸ்லோப் நிர்வாகப் பகுதியின் மேயர் ஜார்ஜ் அமாவோகாக் முன்னின்று நடத்தினார். எட்டு ஊர்களிலிருந்தும் குழுக்கள் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக்கூடத்துக்கு வரும். பழைய வணிகக் கூட்டாளி உறவைத் தொடர்ந்து, பெயர் சொல்லி அழைத்துப் பரிசைக் கையில் கொடுப்பதற்கென்றே நேரம் ஒதுக்குவார்கள்.

அங்கே பெட்டி மேளம் ஒன்று உண்டு. மரப்பெட்டியை மேலிருந்து தொங்கவிட்டு அடிப்பது. மேல்விளிம்பு மலைச்சிகரம்போல் பல்பல்லாக வெட்டியிருக்கும். கழுகுத் தாயின் நெஞ்சுத்துடிப்புதான் அந்த அடி என்பது மரபு.

ஜூனில் திமிங்கில அறுவடைக்கான நலுகடக் விழா. திமிங்கிலத்தைப் பிடித்த படகுத்தலைவரின் குடும்பம் ஊர் முழுக்கப் பகிர்ந்து கொடுக்கும், தோலும் கொழுப்புமான மக்டக்கை உறைந்ததாகவும் புளிக்க வைத்ததாகவும். தாடிச் சீல் தோல்களைத் தைத்த விரிப்பை வட்டமாக நின்று இழுத்து ஆளை வானத்தில் எறிவார்கள், அப்புறம் இரவில் ஆட்டம். புளிக்க வைப்பதில் வெப்பம் கூடினால் முழுத் தொட்டியும் கெட்டுவிடும், அதனால் நாள்தோறும் கிளற வேண்டும். அந்தப் பொறுப்பைக் கைதேர்ந்த பெண்களிடம்தான் விடுவார்கள்.

துருவன், பிப்ரவரி 20

எல்லாமே பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில்தானா? பழைய ஆண்கள் மாளிகை?

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 20

கஸ்கிக் என்ற அந்த மண்மூடிய பொதுவீடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. விளையாட்டுக்கூடம் அந்த இடத்துக்கு வந்ததற்கு ஒரு வழக்குதான் காரணம். எம்மோனக் ஊரைச் சேர்ந்த மோலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரால் அறியப்படும் வழக்கு அது. 1976 சமரசத்தின்படி 126 கிராமங்களுக்கு உள்ளூர் உயர்நிலைப் பள்ளி கட்டித்தர மாநிலம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன் பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கு வயதில் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள், பாட்டு கற்கும் குளிர்காலங்களெல்லாம் அங்கேயே கழிந்தன. பள்ளி ஊருக்கு வந்ததும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள், ஊரிலேயே பெரிய சூடான கூரையும் கிடைத்தது. ஆட்டத்தின் மீட்சியைப் பேசுகிறவர்கள் திருவிழாக்களைத்தான் சொல்கிறார்கள். இந்த வழக்குக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

கூடைப்பந்தும் ஆட்டமும் ஒரே தரையைப் பங்குபோடுகின்றன. கூடைப்பந்து பற்றியே யுராக் பாட்டுகள் இருக்கின்றன, பந்தைத் தட்டி எறியும் அசைவோடு. சீல் வேட்டை பற்றிப் பாட்டு கட்டினவர்களின் பேரன்கள் தங்கள் வாழ்க்கையைப் பாட்டாக்குகிறார்கள். மரபு இப்படித்தான் எப்போதும் இயங்கியிருக்கிறது.

துருவன், பிப்ரவரி 23

விருந்தினர் ஊர் எப்படி வந்து சேர்கிறது? சாலை இல்லையே.

குஸ்கோக்விம்கரை, பிப்ரவரி 24

பெத்தெல் அலாஸ்காவின் பெருநகரமான ஆங்கரேஜிலிருந்து 400 மைல், அதற்கே சாலை கிடையாது. பெத்தெலைச் சுற்றிய 56 பூர்வகுடி ஊர்களுக்கும் சிறு விமானம், குளிர்காலத்தில் ஸ்னோமொபைல், கோடையில் படகு. குஸ்கோக்விம் உறைந்ததும் ஆற்றின்மேல் பனியை வாரிப் பாதை போடுவார்கள், கார்களே ஓடும். ஆகவே ஊர்கள் ஒன்றையொன்று அழைப்பது பிப்ரவரிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில். பனி உறுதி, பகல் நீளம், சீல் வேட்டை இன்னும் தொடங்கவில்லை. பெத்தெலின் பெரிய 'கமாய்' ஆட்ட விழாவும் வசந்தத்தில்தான்.

மூடுபனி வந்தால் விமானம் நிற்கும். அழைத்த ஊர் அதையும் கணக்கில் வைத்தே சமைக்கும்: மூன்று நாளுக்கு அழைத்தால் ஐந்து நாளுக்குச் சாப்பாடு. விருந்தினர் வகுப்பறைத் தரையில் படுப்பார்கள், மீதிப் பேர் உறவினர் வீடுகளில். இளஞ்சூடு குளிர்காலங்களில் ஆற்றுப்பனி மெலிந்து திறந்த நீர் தெரிகிறது. அப்போது அழைப்பையே தள்ளிவைக்க வேண்டியதுதான், இரவில் ஆற்றில் ஸ்னோமொபைல் ஓட்டக் கூடாது.

நூலிழை, மார்ச் 2

சமையல் பேச்சு வந்துவிட்டதால் அகூடக், அதாவது கொழுப்பில் பழம் கலந்து அடிக்கும் இனிப்பு. கொழுப்பைக் கையாலேயே அடிக்க வேண்டும், உள்ளங்கைச் சூட்டில்தான் அது இளகி வெண்ணுரையாகும். ஒரு கோப்பை கெட்டிக் கொழுப்புக்கு முக்கால் கோப்பை சர்க்கரை. வேகவைத்து முள் நீக்கி உதிர்த்த வெள்ளைமீன் ஒரு கோப்பை, அதன் தண்ணீரைக் கைப்பிடியாகப் பிழிந்துவிட வேண்டும். ஒரு கரண்டி சீல் எண்ணெய். கடைசியில் நாலு கோப்பை பழம், சதுப்புநில மஞ்சள் பழமோ கருநீலப் பழமோ. மீனில் ஈரம் மிஞ்சினால் கொழுப்பு திரிந்து பிரியும். பழம் கல்லாக உறைந்திருந்தால் கொழுப்பு பழத்தைச் சுற்றிக் கட்டியாகும், முழுக்க உருகியிருந்தால் சாறு விட்டு நீர்த்துப்போகும். பாதி உருகிய நிலைதான் சரி. முன்பு கரிபூ கொழுப்பும் சீல் எண்ணெயும், இப்போது பெரும்பாலும் டப்பாவில் வரும் கிரிஸ்கோ என்ற தாவரக் கொழுப்பு.

குஸ்கோக்விம்கரை, மார்ச் 3

பரிசு பற்றி எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுப்பது ஆட்டத்தில் மட்டும் நடப்பதாகத் தோன்றும். நெல்சன் தீவு ஊர்களில் வசந்தத்தின் முதல் சீலைப் பிடித்தவனின் வீட்டில் சீல் விருந்து, உகிகுக். முற்றிலும் பெண்களின் காரியம். வீட்டுக்காரி வாசற்படியில் நிற்பாள். இறைச்சியையும் கொழுப்பையும் துண்டு போட்டு முதிய பெண்களிடமிருந்து தொடங்கிக் கொடுப்பாள், பிறகு சாமான்களைக் கூட்டத்தின்மேல் வீசுவாள். கஸ்பக்கின் முன்பையும் பாவாடையும் அதற்கென்றே தைத்ததுபோல விரியும். அந்த வீட்டின் நெருங்கிய இரத்த உறவுப் பெண்கள் பிடிக்க வரமாட்டார்கள். பங்கு உறவுக்கு வெளியே போக வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. ஒரு பையன் தன் முதல் சீலைப் பிடித்தாலும் இதே விருந்து, தன் முதல் வேட்டையிலிருந்து அவனுக்கு ஒன்றுமே மிஞ்சாது.

வடமுனை, மார்ச் 9

உள்நாட்டை விட்டுவிட்டோம். யூகான் ஆற்றின் நுலாட்டோ, கல்டாக் ஊர்களில் கோயுகான் அதபாஸ்கன் மக்களின் கோல் ஆட்டம் இரண்டு ஊருக்கும் மாறி மாறி வரும். இறந்தவர்களுக்கான நினைவு வாரம் அது. நாடாவும் தோலும் சுற்றிய ஸ்ப்ரூஸ் கம்பத்தைச் சுற்றி இரவு முழுக்க ஆடுவார்கள், கடைசியில் இறந்தவருக்காக உடுத்தியவர்கள் ஊரார் கையைக் குலுக்கி விடைபெறுவார்கள். இன்னும் வடகிழக்கே குவிச்சின் ஊர்களில் பிடிலும் ஜிக் ஆட்டமும். 1847இல் ஹட்சன்ஸ் பே கம்பெனி ஃபோர்ட் யூகானில் கோட்டை போட்டபோது வணிகர்களோடு வந்த பிடில், இன்று முழுக்க அந்த ஊர்களின் சொத்து. இவற்றையெல்லாம் 'எஸ்கிமோ ஆட்டம்' என்று ஒரே தலைப்பில் போடும் காணொளிகளை நம்பாதீர்கள்.

துருவன், மார்ச் 9

நேரில் பார்க்கப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

குஸ்கோக்விம்கரை, மார்ச் 10

கமாய் விழாவுக்கோ, ஆங்கரேஜில் கூடும் அலாஸ்கா பூர்வகுடியினர் மாநாட்டையொட்டி நடக்கும் குயானா இரவுகளுக்கோ போங்கள், எவரும் வரலாம். கிராமத்து அழைப்புக்கு அழைப்பு இருந்தால் மட்டும். படம் எடுக்குமுன் குழுத்தலைவரிடம் கேளுங்கள். பாட்டுக்கு உரியவர்கள் உண்டு, இணையத்தில் ஏற்றுவதற்குத் தனியாக அனுமதி. மேளக்காரர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் நடுவே குறுக்கே நடக்க வேண்டாம். உங்கள் கையில் ஒரு துண்டையோ காலுறையையோ வைத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கோல் ஆட்டத்துக்குக் கேமராவே வேண்டாம்.

குஸ்கோக்விம்கரை, அக்டோபர் 29

இழையை மறுபடி எழுப்புகிறேன். இந்த மாதம் ஹாலோங் புயலின் மிச்சம் கிப்னுக், க்விகில்லிங்கொக் ஊர்களை அடித்தது. வீடுகள் அடித்தளத்தோடு மிதந்து போயின. கிப்னுக்கில் நூற்றுக்கணக்கானோர் ஒதுங்கியது பள்ளிக்கூடத்தில். பிறகு விமானங்களில் பெத்தெலுக்கும் ஆங்கரேஜுக்கும் கொண்டுபோனார்கள். குளிர்காலத்துக்கென்று சேர்த்த மீன், பழம், சீல் எண்ணெய், இறைச்சி எல்லாம் போயிற்று. மேலே எழுதிய எதை எடுத்தாலும், அகூடக்கோ முதல் ஆட்டப் பரிசோ, அதற்கான சரக்கு ஒரு கோடை முழுக்க உழைத்துச் சேர்த்தது.

துருவன், அக்டோபர் 29

ஏதாவது அனுப்பலாமா?

குஸ்கோக்விம்கரை, அக்டோபர் 30

பணம் முதலில், அங்கே உள்ள பூர்வகுடி அமைப்புகள் வழியாக. பொருளாக அனுப்பும் குழுக்களோடு சேர்கிறீர்கள் என்றால் பழைய உடை வேண்டாம். அச்சிட்ட பருத்தித் துணி, ஒரே அச்சில் நான்கு கஜத் துண்டுகளாக, நெளிபட்டி, நல்ல தையல் கத்தரி. மேளத்துக்கு இறுக்கமான நைலான் துணி ஒன்றரைக் கஜம் இருந்தால் ஒரு மேளத்துக்குத் தாராளம்.

நூலிழை, அக்டோபர் 30

அச்சு சின்னப் பூவாக இருக்கட்டும், பெரிய அச்சு சுருக்கில் தொலைந்துபோகும். கழுவினால் சுருங்கும் துணியானால் முன்பே கழுவி அனுப்புங்கள்.